பத்துப் பவுண்டு ‘மண்குடிசை’

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் பயணக் கட்டுரையில், இங்கிலாந்தின் ஆல்ஃப்ரிஸ்டன் கிராமத்துப் பாதிரியார் இல்லத்தைப் பத்துப் பவுண்டுக்கு விலைபோன மண்குடிசை என்றும், தரைக்குச் சிமெண்டுகூடப் பூசவில்லை என்றும் எழுதிக் கட்டுரையாளர் சிரித்திருக்கிறார். பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு 1896-இல் வாங்கிய முதல் கட்டடம் அது என்பதைத் தாங்கள் அறியாதவரல்லர். அவருக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த, ஓக் மரச்சட்டங்களை இணைத்து எழுப்பிய, தென்கிழக்கு இங்கிலாந்துக்கே உரிய ‘வீல்டன்’ பாணி வீடு அது. இப்பாணியில் நடுக்கூடம் கூரைமுகடு வரை திறந்திருக்கும். இருபுற மாடியறைகளும் சற்றே முன்துருத்தி நிற்க, அனைத்தையும் ஒரே கூரை மூடுவதால், உள்வாங்கிய கூடச் சுவருக்கு மேல் இறவாணத்தை வளைந்த கட்டைகள் தாங்கி நிற்கும். இதைக் கட்டிய தச்சனைக் குடிசை போட்டவன் என்பது நியாயமா? தரையோ, நொறுக்கிய சுண்ணப்பாறையை இடித்து இறுக்கிப் புளித்த பாலால் மெழுகியது. சாணம் மெழுகிய திண்ணையில் உட்கார்ந்து வளர்ந்த நாம் இதற்குச் சிரிப்பது வேடிக்கைதான்.

சிமெண்டின் பெருமையை நான் பட்டே அறிந்தவன். கிழக்கு சஸ்ஸெக்ஸில் நான் குடியிருக்கும் பழைய மரச்சட்ட வீட்டுக்கு, எனக்கு முன்னிருந்தவர் சுண்ணாம்புப் பூச்சைக் கொத்திவிட்டுச் சிமெண்டு பூசியிருந்தார். உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியின்றித் தேங்கியதில், பூச்சைப் பெயர்த்த அன்று அடிச்சட்டத்தில் என் பேனாக்கத்தி பிடிவரை இறங்கியது. அரசின் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கட்டடம் என்பதால், பழுதுபார்க்க அனுமதி பெறவே ஒரு குளிர்காலம் கழிந்தது. இரண்டாண்டுகளுக்கு முன் வீடுகள் பற்றிய தங்கள் இணைப்பிதழ், பழைய மண்சுவர்களுக்குச் சிமெண்டு பூசி ‘வலுவூட்ட’ அறிவுரை கூறியபோது இதையெல்லாம் விரிவாக எழுதினேன். இடப்பற்றாக்குறையால் அக்கடிதம் வெளிவரவில்லை போலும். அதே இதழில் சிமெண்டு விளம்பரத்துக்கு முழுப்பக்கம் கிடைத்திருந்தது.

‘காட்டேஜ்’ என்ற சொல்லைக் கண்டவுடன் ‘குடிசை’ என்று பெயர்த்துவிடும் வழக்கம் தங்கள் இதழில் நெடுநாளாக உண்டு. மாடியும் கூடமும் கொண்ட வீட்டை ‘நாட்டுப்புற வீடு’ என்றால் என்ன குறைந்துவிடும்?

இவற்றையெல்லாம் திருத்தும்படி தங்களைத் தொந்தரவு செய்யவில்லை. கட்டுரையுடன் அச்சாகியிருக்கும் படம் ஆல்ஃப்ரிஸ்டன் வீடே அன்று. வார்விக்‌ஷயரின் ஷாட்டரியில், ஷேக்ஸ்பியரின் மனைவி ஆன் ஹாத்தவேயின் பிறந்தகம் அது. படக்குறிப்பை மட்டுமேனும் அடுத்த இதழில் திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

தங்கள் நீண்டநாள் வாசகன்,
கிழக்கு சஸ்ஸெக்ஸ், இங்கிலாந்து