வாயால மூச்சு விடற மாட்டுக்கு எண்ணெய் ஊத்தாதீங்க

ஆசிரியர் சாருக்கு வணக்கம். உங்க விவசாயப் பக்கத்துல மாட்டு வயிறு உப்புசத்துக்கு நல்லெண்ணெய் ஊத்தச் சொல்லி கைவைத்தியம் போட்டிருந்தீங்க. எண்ணெய் தப்புன்னு சொல்ல வரல, நுரை கட்டுன உப்புசத்துல அது நுரையை உடைக்கும், டாக்டருங்களும் குடுக்கறதுதான். ஆனா எப்ப ஊத்தக்கூடாதுன்னு ஒரு வரி கூட இல்லையே.

இங்க மீனாட்சிபுரம் பக்கம் மழை பேஞ்சா போதும், புதுப்புல்லு, பலாச்சொளை, மிஞ்சுன சோறுன்னு தின்னுட்டு மாடு உப்பிக்கும். வயிறு மேல தள்ளுனா நுரையீரல் விரிய எடமில்ல, ரத்தத்துல ஆக்சிஜன் எறங்குது, கார்பன் டை ஆக்சைடு ஏறுது, மாடு நாக்கைத் தள்ளிட்டு வாயால இழுக்குது. அந்த நேரத்துல தலையை அண்ணாத்திப் புடிச்சு, நாக்கை வெளிய இழுத்து, மூங்கில் குழாயில ஊத்தறாங்க. தப்பா எறங்குனா இருமிடும்னு ஒரு தைரியம். அதை நம்ப முடியாது சார்! பூனைங்கள வெச்சு செஞ்ச சோதனைல ஆக்சிஜன் கொறைஞ்சா இருமலே வலுவிழக்குதுன்னு பாத்திருக்காங்க, கார்பன் டை ஆக்சைடு ரொம்ப ஏறுனா குரல்வளை சட்டுனு மூடிக்கறதும் மந்தமாயிடும். எண்ணெய் வேற வழுவழுன்னு இருக்கறதால தொண்டையை உறுத்தாது, நேரா நுரையீரலுக்குப் போயி நிமோனியாதான்.

மூச்சு வேகமா இருக்கே, மாடு உஷாராத்தான இருக்குன்னு சில பேரு கேப்பாங்க. மூச்சை வேகமாக்கறது வேற ஏற்பாடு. கழுத்து ரத்தக்குழாய் பிரியற எடத்துல ஆக்சிஜன் கொறையறதைக் கண்டுக்கற குட்டி உறுப்பு ஒண்ணு இருக்கு (பெல்ஜியத்துக்காரர் ஹேமன்ஸ் நாய்ங்கள வெச்சு இதைக் காட்டித்தான் 1938 நோபல் வாங்குனாரு), அது மூச்சை முடுக்கும், ஆனா தொண்டைக்குக் காவல் நிக்காது.

பொறந்த கன்னுக்கும் சீம்பாலை அவசரப்பட்டு வாயில ஊத்தாதீங்க. ஆட்டுக்குட்டி, பன்னிக்குட்டிங்கள்ல குரல்வளைல பாலோ தண்ணியோ பட்டா கொஞ்ச நேரம் மூச்சே நின்னுடுதாம், ஆக்சிஜன் கம்மியா இருந்தா இன்னும் ஜாஸ்தி நேரம் நிக்கும். இழுத்துப் போட்ட கன்னு மொதல்ல நல்லா மூச்சு விடட்டும், உறிஞ்சட்டும், அப்புறம் பாட்டில்.

அடுத்த தடவை கைவைத்தியம் போடறப்ப, வாயால மூச்சு விடற மாட்டுக்கும் பால் காய்ச்சல்ல (கன்னு போட்டதும் கால்சியம் கொறையற நோய்) படுத்துட்ட மாட்டுக்கும் வாய்வழியா எதுவும் ஊத்தாம 1962க்கு (கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர்) போன் போடுங்கன்னு பெரிய எழுத்துல போடுங்க சார், வெட்டி எங்க பால் சொசைட்டி செவுத்துல ஒட்டிடறேன்.

இப்படிக்கு,
ஒரு கறவை மாட்டுக்காரன்,
மீனாட்சிபுரம், பாலக்காடு மாவட்டம்