செராமாக் குஞ்சுகளை எட்டு வாரத்துக்கு முன் ஏன் தருவதில்லை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கடைக்கு வருகிறவர்களில் பலரும் இப்போது கேட்கிற கேள்வி ஒன்றுதான். "கூண்டுல குஞ்சு ஓடுது, கையில காசு இருக்கு, ஏன் தர மாட்டேங்கிறீங்க?" கல்லாவில் கூட்டம் நிற்கும்போது அரைகுறையாகப் பதில் சொல்லி அனுப்ப மனமில்லை. அதனால் விவரமாகவே எழுதிவிடுகிறோம்.

செராமா என்பது மிகச் சிறிய கோழி இனம். அதன் குஞ்சுகளை எட்டு வாரம் நிறைந்த பிறகே கொடுக்கிறோம். ஒற்றையாகக் கொடுப்பதில்லை, குறைந்தது இரண்டு. பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் பிள்ளைகள் அழுது வாங்கும் சாயம் ஏற்றிய குஞ்சுகளும் எங்களிடம் கிடைக்காது.

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் கோழி வளர்ப்பு யாருக்கும் புதிதில்லை. தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்து வீட்டுக்குப் பின்னால் கூடையைத் திறந்துவிட்டால் கோழிகள் பால்மரத்துக்கு (ரப்பர் மரத்துக்கு) அடியில் நாளெல்லாம் மேய்ந்துவிட்டுப் பொழுது சாயும்போது தானாக வந்து அடையும். பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் கைமாறின, துண்டாடப்பட்டன. குடும்பங்கள் தாமான் எனும் வீடமைப்புப் பகுதிகளுக்கு வந்துவிட்டன. இங்கே பின்கட்டு என்பது சிமெண்டு போட்ட பத்தடி இடம். சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொருவர் படுக்கையறை. கம்பத்துக் கோழியை, அதாவது கிராமத்தில் மேய்ந்து வளரும் கோழியை, அங்கே அடைத்து வைத்தால் கோழிக்கும் கஷ்டம், நமக்கும் கஷ்டம். கோழிச் சத்தம் இல்லாத வீடு வீடாகவே தெரியவில்லை என்று எத்தனையோ பாட்டிமார் எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர்களை நினைத்துத்தான் செராமாவைக் கொண்டுவந்தோம்.

செராமா நம் மலேசியாவின் கோழி. கிளாந்தான் மாநிலத்தில் உருவானது. 1970-களில் வீ இயான் ஈன் என்பவர் உள்ளூர்க் குட்டைக் கோழிகளையும் ஜப்பானியக் குட்டைக் கோழியையும் கலந்து, சிறியதிலும் சிறியதைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கினார் என்பார்கள். 2001-ல் அமெரிக்காவுக்குப் போனது. அங்குள்ள கோழி இனச் சங்கம் 2011-ல் இதைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. உலகத்திலேயே மிகச் சிறிய கோழி இனங்களில் ஒன்று நம் கிழக்குக் கரையிலிருந்து போயிருக்கிறது. இதைச் சொல்லும்போதெல்லாம் எங்களுக்கு நெஞ்சு நிமிர்கிறது.

எங்கள் கடைச் சேவலைப் பலர் பார்த்திருப்பீர்கள். தீவனம் நிறுக்கும் தராசில் தானாக ஏறி நிற்பான். முள் 400 கிராமைத் தொடாது. நிற்கும்போது நெஞ்சு முன்னால் தள்ளி மேலே வரும், தலை பின்னால் சாய்ந்து வாலைத் தொடப் போகும், இரண்டு சிறகும் நேர் கீழே இறங்கித் தரையை உரசும். அந்த நிலையில் ஒரு காலை மட்டும் தூக்கிச் சற்று நடுங்கவிட்டு, அப்புறம் மெதுவாக வைப்பான். போட்டிகளில் நடுவர்கள் கோழியை மேசைமேல் விட்டுப் பார்ப்பது இந்த நிற்பையும் நடையையும்தான். நிறத்துக்குக் கணக்கே இல்லை. ஒரே அடையில் பொரித்த நான்கு குஞ்சும் நான்கு நிறத்தில் இருக்கும், அளவிலும் வேறுபடும். அதனால் "இதே மாதிரி இன்னொன்று கொடுங்கள்" என்று கேட்டால் எங்களால் முடியாது.

சரி, எட்டு வாரக் கணக்குக்கு வருவோம்.

முதல் காரணம் சூடு. பொரித்த குஞ்சுக்கு முதல் வாரம் ஏறக்குறைய 35 பாகை வெப்பம் வேண்டும். அதன்பின் வாரத்துக்கு மூன்று பாகையாகக் குறைத்துக்கொண்டே வரலாம். நம் ஊர் வெயிலுக்கு இது பெரிய விஷயமா என்று தோன்றும். மத்தியானத்தில் ஒன்றுமில்லைதான். மாலையில் இடி மழை கொட்டி, விடியற்காலையில் மலைப் பக்கமிருந்து குளிர் இறங்கும்போதுதான் தெரியும். செராமாக் குஞ்சு பொரிக்கும்போது ஒரு பெரிய வண்டு அளவுதான் இருக்கும். அவ்வளவு சின்ன உடம்பு சூட்டை வேகமாக இழந்துவிடும். ஒரு ராத்திரி சூடு கொடுக்கும் பல்பு அணைந்துவிட்டால் போதும், காலையில் குஞ்சு இருக்காது. பிள்ளைகள் பெயர் வைத்த குஞ்சு அப்படிப் போனால் அந்த வீட்டில் யாருக்கும் அன்றைக்குச் சோறு இறங்காது.

இரண்டாவது, தடுப்பு மருந்து. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குக் கோழிச் சீக்கு என்றால் தெரியும். வெள்ளையும் பச்சையுமாகக் கழியும், கழுத்து முறுக்கிக்கொள்ளும், ஒரே வாரத்தில் லயம் முழுக்கக் கோழி காலியாகும். வெள்ளைக் கழிச்சல் என்றும் ராணிக்கெட் என்றும் சொல்வது இதைத்தான். வந்தபின் மருந்து கிடையாது, வருமுன் தடுப்பதுதான் வழி. ஆனால் ஒரு குப்பி மருந்து நூறு கோழிகளுக்கும் அதற்கு மேலும் போதும் அளவில்தான் வரும். கலக்கிவிட்டால் சில மணி நேரத்தில் போட்டு முடிக்க வேண்டும். பின்கட்டில் மூன்று கோழி வைத்திருப்பவர் என்ன செய்வார்? அதனால்தான் எங்களிடம் இருக்கும்போதே முதல் வாரத்தில் ஒரு சொட்டு, நான்காம் வாரத்தில் ஒரு சொட்டு கண்ணில் விட்டுவிடுகிறோம். கொசு மூலம் பரவும் அம்மைக்கு ஆறு வாரத்துக்கு மேல் சிறகுச் சவ்வில் ஒரு குத்து. இவ்வளவும் முடிய எட்டு வாரம் ஆகிறது.

இதில் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. கம்பத்துக் கோழிகளுக்காக, குளிர்பெட்டி இல்லாத வீடுகளை மனத்தில் வைத்து, வெப்பத்தைத் தாங்கும் வி4 என்ற வெள்ளைக் கழிச்சல் தடுப்பு மருந்தை இரையிலேயே கலந்து கொடுக்கும் ஆராய்ச்சி 1980-களில் நம் செர்டாங்கில்தான் நடந்தது. அங்குள்ள மலேசிய விவசாயப் பல்கலைக்கழகமும் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்தன. பின்கட்டுக் கோழிக்காகப் படித்தவர்கள் அவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்கள். அந்த உழைப்பை வீணாக்கக் கூடாது என்பது எங்கள் எண்ணம். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி சொட்டு விட வேண்டும். ஒரே வரிசையில் நான்கைந்து வீட்டார் சேர்ந்து முன்கூட்டிச் சொன்னால், மருந்தைப் பனிக்கட்டியோடு கட்டித் தந்து, விடும் முறையையும் காட்டித் தருகிறோம். கோழிகளைக் கடைக்குத் தூக்கி வர வேண்டாம். பல வீட்டுக் கோழி ஓரிடத்தில் கூடினால் சீக்கும் கூடும்.

மூன்றாவது காரணம் எளிது. எட்டு வாரத்தில்தான் சேவல், பெட்டை ஓரளவு நிச்சயமாகத் தெரியும். அதற்கு முன் நாங்கள் சொல்வதெல்லாம் ஊகம். செராமாச் சேவலின் கூவல் சின்னதுதான், ஆனாலும் விடியற்காலையில் கூவத்தான் செய்யும். அக்கம்பக்கத்தார் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றால் இரண்டு பெட்டையாக எடுத்துக்கொள்ளுங்கள். சேவல் இல்லாமலும் பெட்டை முட்டையிடும், குஞ்சு பொரிக்காது, அவ்வளவுதான்.

ஏன் ஒற்றையாகத் தருவதில்லை? கோழி கூட்டத்தில் வாழ்கிற பிராணி. இரவில் ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்தால்தான் அதற்குத் தூக்கம். தனியாக விட்ட குஞ்சு பகலெல்லாம் கத்திக்கொண்டே இருக்கும், சரியாக இரை எடுக்காது. சாயக் குஞ்சுகளின் கதையும் இதுதான். அவற்றில் பெரும்பாலானவை முட்டைப் பண்ணைகள் கழித்துவிடும் சேவல் குஞ்சுகள். சூடும் துணையும் இல்லாமல் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வீடு போய்ச் சேர்ந்து, சில நாளில் செத்துவிடும். 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் வளர்ப்பவர்மேல் வைத்திருக்கும் கடமை கோழிக்கும் உண்டு. சட்டம் இல்லாவிட்டாலும் எங்களால் அதை விற்க முடியாது.

பழக்குவதைப் பற்றிப் பிள்ளைகளுக்கு நீங்கள்தான் சொல்லித் தர வேண்டும். மேலேயிருந்து கையை இறக்கிப் பிடிக்காதீர்கள். மேலேயிருந்து வரும் எதுவும் கோழிக்குப் பருந்துதான். தரையில் உட்கார்ந்து, உள்ளங்கையில் நாலு சோளக் குருணையை வைத்துக்கொண்டு சும்மா இருங்கள். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ வந்து கொத்தும். அப்புறம் கை விரல்மேல் ஒரு காலை வைத்துப் பார்க்கும். அதன்பின் நெஞ்சுக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்கினால் கண்ணை மூடிக்கொண்டு மடியில் உட்கார்ந்துவிடும். செராமா மாதிரி மனிதரிடம் ஒட்டும் கோழியை நாங்கள் பார்த்ததில்லை. தாத்தா பத்திரிகை படிக்கும்போது நாற்காலிக் கையில் ஏறி நிற்கிற பெட்டைகள் இந்த ஊரில் சில வீடுகளில் உண்டு.

கூடு விஷயத்தில் தயவுசெய்து சிக்கனம் பார்க்காதீர்கள். செம்பனைக் காட்டை ஒட்டி இருக்கிறோம். எலி இருக்கும் இடத்தில் பாம்பு இருக்கும். மலைப்பாம்பு, நாகம், மூசாங் (மரநாய்), உடும்பு, இவை எல்லாவற்றுக்கும் செராமா ஒரே வாய். வழக்கமான அறுகோணக் கோழி வலை இவற்றில் பலவற்றைத் தடுக்காது. எலியே கடித்து வழி பண்ணிவிடும். அரை அங்குலக் கண்ணுள்ள, பற்றவைத்த கம்பி வலைதான் வேண்டும், அடிப்பக்கமும் சேர்த்து. மூன்று கோழிக்கு நாலடிக்கு இரண்டடி இரவுக் கூடு போதும். தரையிலிருந்து இரண்டடி உயர்த்தி வையுங்கள். மேலே வெறும் துத்தநாகத் தகடு போட்டால் மத்தியானம் அடுப்புதான். அதன்மேல் அத்தாப்பு ஓலையோ பழைய சாக்கோ பரப்புங்கள். காற்று போய்வர இடம் விடுங்கள், ஆனால் மழைச் சாரல் உள்ளே அடிக்கக் கூடாது. பகலில் வெளியே விடும்போது நிழலும் தண்ணீரும் இருக்கட்டும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு தாங்கவில்லை என்று அர்த்தம். எலி மருந்து வைக்கிற பழக்கம் உள்ளவர்கள் கோழி வந்தபின் அதை விட்டுவிடுங்கள்.

சிமெண்டுத் தரைக்காரர்கள் ஒரு பழைய பேசினில் காய்ந்த மண்ணும் கொஞ்சம் அடுப்புச் சாம்பலும் கலந்து வையுங்கள். கோழி அதில் படுத்துப் புரண்டு, சிறகுக்குள் மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும். பேன் போக அதற்குத் தெரிந்த குளியல் அதுதான்.

தீவனம் பெரிய தலைவலி இல்லை. எட்டு வாரக் குஞ்சுக்குப் பொடித் தீவனம், முட்டையிடத் தொடங்கியதும் முட்டைக்கோழித் தீவனம், கூடவே கிளிஞ்சல் தூள். கங்கோங் கீரை, பப்பாளி கொடுக்கலாம். மிஞ்சிய குழம்புச் சோறு வேண்டாம், உப்பும் எண்ணெயும் இந்தச் சின்ன உடம்புக்கு ஆகாது.

முட்டை சின்னது. நாலைந்து சேர்ந்தால்தான் கடை முட்டை ஒன்றுக்கு ஈடாகும். பெட்டை அடைக்கு உட்கார்ந்தால் ஐந்தாறு முட்டைக்கு மேல் வைக்காதீர்கள், நெஞ்சுக்கடியில் இடம் போதாது. மற்றக் கோழிக்கு 21 நாள் என்றால் செராமா 19, 20 நாளிலேயே பொரிக்கும். ஒரு வாரம் போனதும் இருட்டில் டார்ச் லைட் பிடித்துப் பாருங்கள். நரம்பு ஓடாத முட்டையை எடுத்துவிடலாம். குஞ்சு எடுக்க ஆசைப்படுகிறவர்கள் கால் மிகக் குட்டையான சேவலையும் அதே மாதிரிப் பெட்டையையும் சேர்க்க வேண்டாம். ஜப்பானியக் குட்டைக் கோழி வழியாக வந்த அந்தக் குட்டைக்கால் குணம் இருபக்கமும் சேர்ந்தால், கருவில் ஏறக்குறைய கால் பங்கு முட்டைக்குள்ளேயே இறந்துபோகும். எந்தக் கோழிக்கு எந்த ஜோடி என்று எங்களிடம் கேளுங்கள்.

முனியாண்டி பூசைக்குச் சேவல் கேட்டு வருகிறவர்களும் உண்டு. அதற்குக் கம்பத்துச் சேவல் எப்போதும் போல் கிடைக்கும். செராமா அதற்கு வேண்டாம். வீட்டில் ஒருவராக ஏழெட்டு ஆண்டு இருக்கக்கூடிய உயிர் அது.

கோழி திடீரென்று கூட்டமாக நோய்ப்பட்டாலோ இறந்தாலோ சாக்கில் கட்டி ஆற்றில் வீசாதீர்கள், அறுத்துச் சமைக்கவும் வேண்டாம். கால்நடைச் சேவைத் துறைக்கு உடனே சொல்லுங்கள். 2004 ஆகஸ்டில் கிளாந்தானின் பாசிர் பெக்கானில் பறவைக் காய்ச்சல் கண்டபோது சுற்றுவட்டாரக் கோழிகளை அழிக்க வேண்டி வந்தது. செராமாவின் சொந்த மாநிலத்திலேயே அது நடந்தது. சீக்கிரம் தெரிந்தால் அழிவு குறையும். குடியிருப்புப் பகுதியில் கோழி வளர்க்க நகராண்மைக் கழகம் என்ன விதி வைத்திருக்கிறது என்பதையும் வாங்குவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

இப்போது கூண்டில் இருக்கும் குஞ்சுகளுக்குத் தைப்பூசத்துக்கு மறுவாரம் எட்டு வாரம் நிறையும். ஒரு ஜோடி 90 வெள்ளி (ரிங்கிட்), போட்ட மருந்துகளும் அதில் அடக்கம். பெயர் கொடுத்து வைக்கிறவர்கள் முன்பணம் கட்ட வேண்டாம். நடுவில் எப்போது வேண்டுமானாலும் பிள்ளைகளை அழைத்து வந்து கையில் இரை வைத்துப் பழகிக்கொள்ளலாம். எடுத்துப்போக வரும் நாளில் மூடியில் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி ஒன்று கொண்டுவாருங்கள். மத்தியான வெயிலில் வேண்டாம், காலை பத்து மணிக்குள் வந்துவிடுங்கள்.

அன்புடன்,
கோழித் தீவனக் கடைக் குடும்பத்தார்
சுங்கை சிப்புட், பேராக்