அந்த ஃபோக்கஸ் லைட்டைக் கழற்றிவிடுங்கள், அண்ணாச்சி

எங்கள் ஊர்ச் சிவன் கோயில் திருப்பணிக் கமிட்டி அண்ணாச்சிமார்களுக்கு,

வணக்கம். கும்பாபிஷேகத்துக்காக வேகாத வெயிலில் வீடுவீடாக அலைந்து வசூல் செய்தவர்கள் நீங்கள், உங்களைக் குறை சொல்ல வாய் வரவில்லை. ஆனாலும் போன பிரதோஷத்தன்று ஆச்சியைக் கூட்டிக்கொண்டு வந்தபோது நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மகாமண்டபத்துக்குள் கால் வைத்ததும் முந்தானையை நெற்றிக்கு மேல் பிடித்துக்கொண்டு, "கண்ணு கூசுதுலே, சாமி எங்கலே இருக்காரு?" என்றாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதே தூணடியில் நின்று கும்பிட்டவள்.

அர்த்த மண்டப வாசலுக்கு மேல், நம் முகத்தைப் பார்த்து மாட்டியிருக்கிறீர்களே, அந்த ஃபோக்கஸ் லைட்தான் காரணம். கண்ணுக்கு நேரே அவ்வளவு வெளிச்சம் அடித்தால் கண்பாப்பா சுருங்கிக்கொள்ளும், அப்புறம் அதற்குப் பின்னால் இருக்கிற கருவறை முன்னைவிட இருட்டாகத்தான் தெரியும். இருட்டாக இருக்கிறதே என்று உள்ளே ஒரு டியூப்லைட். இப்போது தீபாராதனையில் கற்பூரச் சுடர் எழும்பும்போது சாமி முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மணி அடிப்பதை வைத்துத்தான் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம்.

கோயிலைக் கட்டியவர்களுக்கு விளக்குப் போடத் தெரியாமல் இல்லை. கொடிமரத்தடியில் வெயில், மண்டபத்தில் அரைவெளிச்சம், உள்ளே நெய்விளக்கு என்று படிப்படியாக இறக்கிக்கொண்டு போகிறார்கள். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20, 30 நிமிடம் ஆகும். நந்தி பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழுந்தாலே உள்ளே இருப்பது துலங்க ஆரம்பித்துவிடும். அந்த உட்காருகிற பழக்கமும் இப்போது போய்விட்டது, அது வேறு கதை.

தூண் சிற்பங்களையும் சொல்ல வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்துக் கிருஷ்ணாபுரம் கோயிலுக்கு ஒரு முறை காலையிலேயே போய்ப் பாருங்கள். அங்கே கர்ணன் சிலையின் கையில் நரம்பு புடைத்திருப்பது, நகத்தின் விளிம்பு எல்லாம் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போதுதான் எழும்பித் தெரியும், ஏனென்றால் கல்லில் செதுக்கினதைக் காட்டுவது நிழல். நேர் எதிரே லைட்டை அடித்தால் நிழல் செத்துவிடும். நம் தூணில் இருக்கிற யாளி இப்போது சுவரில் ஒட்டின படம் மாதிரி நிற்கிறது.

மழைக்குப் பயந்து மண்டபத்து மேல்தளத் திறப்பைத் தகரம் போட்டு மூடினது நியாயம்தான். தகரத்துக்குப் பதில் தடித்த கண்ணாடி போடலாமே. எங்கள் பழைய வீட்டு அடுக்களையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு உண்டு. அது வழியாகத் தரையில் விழுகிற வெயில் கட்டம் அம்மிக்குப் பக்கத்தில் வந்தால் ஆச்சி உலை வைப்பாள். வீட்டில் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது, அவள் அதைப் பார்த்ததில்லை.

வயசானவர்கள் படியில் தடுக்கி விழக் கூடாது, சரி. படி ஓரத்தில், முழங்காலுக்குக் கீழே, பல்பு கண்ணில் படாதபடி மூடி போட்ட சின்ன விளக்குகள் போதும். வாங்கும்போது பெட்டியில் 2700 கெல்வின் என்று போட்டிருக்கிறதா பாருங்கள், வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்கிற கணக்கு அது. 6500 என்றால் ஆஸ்பத்திரி வெள்ளை, எண்ணெய் விளக்கின் மஞ்சளுக்குப் பக்கத்தில் ஒட்டவே ஒட்டாது.

வருகிற வெள்ளிக்கிழமை சாயரட்சைக்கு மட்டும் அந்த இரண்டு லைட்டையும் அணைத்துப் பாருங்கள். ஆச்சியைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். படி விளக்குச் செலவு என்னுடையது.

இப்படிக்கு,
கீழத்தெருக்காரன்