பேட்டரி மாற்றுவது யார் வேலை?

ஆசிரியருக்கு வணக்கம்.

மால்களில் இருக்கும் 'பீக்கன்' கருவிகள் நம் போனுக்குள் புகுந்து விவரங்களை எடுத்துவிடும் என்று சென்ற வாரம் இப்பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். ஆறு வருடமாக அவற்றைப் பொருத்தும் வேலை பார்க்கிறவன் நான்.

பீக்கன் ஒரு தீப்பெட்டி அளவு டப்பா. புளூடூத் வழியாகத் தன் அடையாள எண்ணைச் சொல்லிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். ஆப்பிளின் ஐபீக்கன் முறையில் நொடிக்குப் பத்து முறை சொல்லும். அந்த எண் எந்த இடத்துக்கு உரியது என்று கண்டுபிடிப்பது போனில் உள்ள செயலி. ஒரு மீட்டர் தள்ளி நின்றால் சிக்னல் எவ்வளவு இருக்கும் என்ற கணக்கும் எண்ணோடு சேர்ந்தே வரும். கிடைத்த சிக்னலை அதோடு ஒப்பிட்டு, பக்கத்திலா தூரத்திலா என்று போன் கணிக்கும். நடுவில் நாலு பேர் நின்றால் கணக்குத் தப்பிவிடும், உடம்பிலுள்ள தண்ணீர் அந்த அலையை உறிஞ்சிவிடும் என்பதால். அதனால்தான் தலைக்கு மேலே பொருத்துகிறோம். வாசகரின் பயம் நியாயமானதே. ஆனால் அவர் கவனிக்க வேண்டியது எந்தச் செயலிக்கு இருப்பிட அனுமதி கொடுத்திருக்கிறார் என்பதைத்தான்.

என் கவலை வேறு. என் அக்காவுக்குப் பார்வை கிடையாது. கட்டடத்துக்குள் ஜி.பி.எஸ்.ஸை நம்ப முடியாது. இங்கே ஒரு மருத்துவமனையில் வழிகாட்டும் பீக்கன்கள் பொருத்தியபோது அக்காவைத்தான் நடக்கவிட்டுச் சோதித்தேன். "இடப்பக்கம் லிஃப்ட்" என்று காதில் கேட்டதும், என் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு அவரே நடந்து போனார்.

போன தை மாதம் மறுபடி போனோம். லிஃப்ட் பக்கத்தில் போன் பேசவில்லை. அக்கா அப்படியே நின்றுவிட்டார். ஏணி போட்டு மூடியைத் திறந்து பார்த்தேன். பழைய ஐந்து ரூபாய் நாணயத்தின் அகலத்தில் உள்ளே ஒரு வட்ட பேட்டரி இருக்கும். அது தீர்ந்து கிடந்தது. பதினெட்டு பீக்கன்களில் ஏழு இப்படி. எலக்ட்ரிகல் பிரிவில் கேட்டால் கம்ப்யூட்டர் பிரிவின் வேலை என்றார்கள். அங்கே போனால் எலக்ட்ரிகல் பிரிவைக் கைகாட்டினார்கள்.

லண்டன் பிம்லிகோ சுரங்க ரயில் நிலையத்தில் 2015-லேயே பார்வையற்ற இளைஞர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் 2017-ல் இதற்கென்று ஒரு தரநிலையே வெளியிட்டது. அப்புறம், பேட்டரியைப் பார்க்க ஏணியே தேவையில்லை. கூகுள் 2015-ல் கொண்டுவந்த எடிஸ்டோன் முறையில் பீக்கன் தன் பேட்டரி எத்தனை வோல்ட்டில் இருக்கிறது என்பதையும் சொல்லும். காவலாளி ஒருவர் போனோடு ஒரு சுற்று வந்தால் போதும்.

பேருந்து நிலையத்துக்கோ மருத்துவமனைக்கோ பீக்கன் வாங்க டெண்டர் விடுகிறவர்கள், பேட்டரியை எந்தப் பிரிவு, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதை அதிலேயே எழுதிவிட வேண்டும். அந்த ஏழுக்கும் நானே பேட்டரி வாங்கிப் போட்டுவிட்டு வந்தேன். மீதிப் பதினொன்றும் அதே நாளில் பொருத்தியவை.

இரா.மு., மதுரை