இந்தப் பசங்களை நம்பு மக்கா

மே 20, 2025

மக்கா,

சுகம்தானே? இங்கே எல்லாரும் நல்லா இருக்கிறோம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உன் அக்கா மகள் பிளஸ் டூவில் கலக்கிவிட்டாள் என்று கேள்விப்பட்டேன், என் வாழ்த்தைச் சொல். ஊர்க்கதை கடைசியில் வரும்.

ஐரோப்பியக் கிளப்புகளின் சாம்பியன்ஸ் லீக் கால்பந்து அரையிறுதியில் நம் பார்சிலோனா இன்டர் மிலானிடம் தோற்ற ராத்திரி நீ ஒரு மெசேஜ் அனுப்பினாயே, அதற்குப் பதிலாகத்தான் இந்தக் கடிதம். "ரோம், லிவர்பூல், லிஸ்பன், இப்போ மிலான். அதே கதைதான்" என்று பார்சிலோனா தோற்று வெளியேறிய ஊர்ப்பெயராக அடுக்கியிருந்தாய். போனில் இரண்டு வரி தட்டிவிட எனக்கு மனசு வரவில்லை. மெஸ்ஸி அழுதுகொண்டே விடைபெற்ற 2021 ஆகஸ்ட்டோடு நீ பார்சிலோனாவை விட்டவன். அதற்கப்புறம் ஸ்கோர் மட்டும் பார்ப்பாய், மேட்ச் பார்ப்பதில்லை. அதனால்தான் இந்த நாலு ஊரையும் ஒரே வரிசையில் வைக்க உன்னால் முடிகிறது.

அதே கதை இல்லை மக்கா. லிஸ்பனில் பயர்ன் மியூனிக்கிடம் 8-2 வாங்கிய அணியை நினைத்துப் பார். மெஸ்ஸி, சுவாரஸ், பிக்கே, விடால் நாலு பேருக்கும் 33 வயது, புஸ்கெட்ஸுக்கு 32. ஆளுக்கு ஆள் ஜாம்பவான்தான், ஆனால் பந்தைப் பறிகொடுத்தால் திரும்பி ஓடக் காலில் தெம்பில்லை. நாலாவது கோலுக்கு அப்புறம் அவர்கள் முகத்தை நீயும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துதானே பார்த்தோம். மேட்ச் எப்போது முடியும் என்று காத்திருந்த முகங்கள் அவை. மிலானில் நான் பார்த்தது வேறு. முதல் பாதி முடியும்போது 2-0 பின்தங்கியிருக்கிறார்கள். அரையிறுதி இரண்டு ஆட்டம், முதல் ஆட்டம் 3-3 என்பதால் மொத்தக் கணக்கில் இன்டருக்கு 5-3. இன்டரின் சான் சிரோ மைதானம் முழுக்க எதிராகக் கத்துகிறது. பால்டே, கூன்டே இருவருக்கும் காயம் என்பதால் இரண்டு பக்கமும் மாற்று டிஃபென்டர்கள். அப்படி இருந்தும் இடைவேளை முடிந்து கால்மணி நேரத்துக்குள் எரிக் கார்சியா ஒன்று, ஓல்மோ ஒன்று போட்டுச் சமன் செய்தார்கள். 87-வது நிமிடத்தில் ரஃபீன்யா மூன்றாவதையும் போட்டான்.

அதற்கப்புறம் நடந்ததை நீ பார்த்தாயோ என்னவோ. 90 நிமிடம் தாண்டிவிட்டது, 3-2 முன்னிலை. எந்தப் பழைய அணியாக இருந்தாலும் பந்தைக் கார்னர் கொடி பக்கம் கொண்டுபோய் நேரத்தைக் கரைத்திருக்கும். லமீன் யமால் நேராகக் கோலை நோக்கிப் போய் அடித்தான். பந்து போஸ்ட்டில் பட்டுத் திரும்பியது. அடுத்த நிமிடமே இன்டர் அந்தப் பக்கம் ஏறி வந்து, டம்ஃப்ரீஸ் கிராஸ் போட, அச்செர்பி கோல். 37 வயது டிஃபென்டர், இடது கால் ஆட்டக்காரர், வலது காலால் வலையின் மேற்பகுதியில் ஏற்றினார். எக்ஸ்ட்ரா டைமில் ஃப்ராத்தேஸி இன்னொன்று போட, மொத்தம் 7-6 என்று முடிந்தது. இன்டர் ஜெயித்ததற்குக் காரணம் அனுபவம், அதில் எனக்கு வாதமே இல்லை. 17 வயதுப் பையனுக்கு நேரத்தைக் கரைக்கத் தெரியவில்லை, 37 வயதுக்காரருக்கு எப்போது ஏற வேண்டும் என்று தெரிந்திருந்தது. ஆனால் நேரத்தைக் கரைப்பது கற்றுக்கொடுத்தால் வருகிற விஷயம். இடைவேளையில் 2-0 பின்தங்கி நின்று திரும்ப எழுந்து வருகிற அந்த நெஞ்சுரத்தை எந்தக் கோச்சும் கற்றுக்கொடுக்க முடியாது. அது இவர்களிடம் இப்போதே இருக்கிறது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான், மீதியெல்லாம் இதற்கான சாட்சி.

ஒரு நாள் அதிர்ஷ்டம் என்று நீ சொல்வாய். இந்த சீசன் முழுக்கவே இப்படித்தான். ஜனவரியில் பென்ஃபிகாவிடம் 4-2 பின்தங்கி 5-4 ஜெயித்தார்கள், கடைசி கோல் 96-வது நிமிடத்தில். மார்ச்சில் அத்லெட்டிகோ மாட்ரிட்டிடம் 2-0 பின்தங்கி 4-2. ஏப்ரலில் செல்டாவிடம் 3-1 பின்தங்கி 4-3. மிலானில் நொந்துபோன ஐந்தாவது நாளே ரியல் மாட்ரிட் வந்தது. கால்மணி நேரத்துக்குள் எம்பாப்பே இரண்டு கோல் போட்டுவிட்டான். நம் ஊர் கிளப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாட்ரிட் கோஷ்டி எழுந்து ஆடத் தொடங்கியது (யார் யார் என்று உனக்குத் தெரியும்). இடைவேளையில் 4-2 நமக்கு, முடிவில் 4-3. சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் அப்படித் தோற்ற அணி ஐந்து நாளில் இதைச் செய்கிறது என்றால் அது எப்படிப்பட்ட அணி, சொல். இந்த சீசனில் மாட்ரிட்டோடு ஆடிய நாலு ஆட்டத்திலும் ஜெயம். 4-0, 5-2, 3-2, 4-3. போன வியாழக்கிழமை எஸ்பான்யோல் மைதானத்தில் 2-0 ஜெயித்து லீக்கையும் எடுத்தாயிற்று. ஸ்பெயின் கோப்பையான கோபா டெல் ரே, சூப்பர் கோப்பை, லீக், மூன்றும் ஒரே சீசனில். அதுவும் சொந்த மைதானமான கேம்ப் நோ கட்டுமான வேலையில் கிடக்க, மோன்ஜுயிக் மலைமேல் ஓட்டப்பந்தயத் தடம் சுற்றிப் போகிற ஒலிம்பிக் ஸ்டேடியத்தில் ஆடிக்கொண்டு.

லமீனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன், இருந்தாலும் சொல்கிறேன். இன்டரோடு நடந்த முதல் ஆட்டம் பார்சிலோனாவுக்கு அவன் ஆடிய நூறாவது ஆட்டம். 21 நிமிடத்தில் 2-0 பின்தங்கிவிட்டோம், மைதானமே வாயடைத்து நிற்கிறது. மூன்று நிமிடம் கழித்து வலது ஓரத்தில் பந்து அவன் காலுக்கு வருகிறது. தூராமைத் தாண்டினான், உள்ளே வெட்டினான், பெட்டிக்குள் மூன்று நாலு பேர் நிற்கிறார்கள். இடது காலை வீசக்கூட இல்லை, லேசாகச் சுழற்றினான், பந்து தூரத்துப் போஸ்ட்டில் பட்டு உள்ளே போனது. ஆட்டம் முடிந்து இன்டர் கோச் இன்ஸாகி, ஐம்பது வருஷத்துக்கு ஒருமுறை வருகிற ஆட்டக்காரன் என்றார். எதிரணிக் கோச் வாயிலிருந்து வந்தது இது. கோல் போட்டால் விரலால் 304 என்று காட்டுவான் பார், அது மதாரோ ஊரில் அவன் வளர்ந்த ரோகஃபோண்டா பகுதியின் பின்கோடின் கடைசி மூன்று எண். அப்பா மொராக்கோ, அம்மா ஈக்வடோரியல் கினி. வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்கள் வாழும் பகுதி அது. கோடிக்கணக்கான பேர் பார்க்கும்போது அந்தப் பகுதியை விரலில் காட்டுகிற பையனை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

எல்லாரும் அவனையே பேசுகிறார்கள். என் கண் குபார்ஸி மேல்தான் அதிகம். டிஃபென்ஸில் ஆடியவர்கள் நாம், நமக்குத்தான் அது புரியும். 18 வயது. கோச் ஃப்ளிக் வந்ததிலிருந்து டிஃபென்ஸ் கோடு கிட்டத்தட்ட நடுக்கோட்டில் நிற்கிறது. எதிரணி ஆளைப் பின்னால் விட்டு ஆஃப்சைடில் சிக்கவைக்க நாலு பேரும் ஒரே நொடியில் முன்னே ஏற வேண்டும். கரமடி வலை இழுக்கும்போது ஒருத்தன் மட்டும் கை தளர்ந்தால் மீன் எந்தப் பக்கம் போகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, இதுவும் அப்படித்தான். அக்டோபரில் மாட்ரிட்டின் பெர்னபே மைதானத்தில் 4-0 ஜெயித்தபோது மாட்ரிட் பன்னிரண்டு முறை ஆஃப்சைடு, அதில் எம்பாப்பே மட்டும் எட்டு. உலகத்திலேயே வேகமாக ஓடுகிறவர்களில் ஒருவனை ஓடிப்பிடிக்காமல் ஓர் அடி முன்னே வைத்தே நிறுத்துவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! நவம்பரில் ரெட் ஸ்டாரோடு ஆடும்போது முகத்தில் பூட்ஸ் பட்டுக் கிழிந்து பத்துத் தையல் போட்டார்கள். அடுத்த மேட்சில் திரும்ப நிற்கிறான்.

இதற்கெல்லாம் ஃப்ளிக்கை மட்டும் கொண்டாடுவது நியாயமில்லை. லமீனை 15 வயதில் இறக்கியது அவருக்கு முன் கோச்சாக இருந்த சாவி. குபார்ஸி, ஃபெர்மின் இருவரும் சாவி கையில் வந்தவர்கள்தான். வெளியிலிருந்து ஆளை வாங்கக் கிளப்பிடம் காசில்லை. கடன் கழுத்துவரை, சம்பள வரம்பு வேறு. ஓல்மோவைப் பதிவு செய்யவே ஜனவரியில் என்ன பாடு பட்டார்கள். அந்த நெருக்கடிதான் கிளப்பின் இளைஞர் பயிற்சிப் பள்ளியான லா மாசியாவின் கதவை அகலத் திறந்துவிட்டது. காசிருந்தால் இதே பசங்களை வேறு ஊருக்கு ஆட அனுப்பிவிட்டு இருபத்தெட்டு வயது நட்சத்திரம் யாரையாவது வாங்கியிருப்பார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மார்ச் 8-ஆம் தேதி ஒசாசுனா மேட்சுக்குச் சற்று முன்பு அணியின் டாக்டர் கார்லெஸ் மின்யாரோ இறந்துபோனார். மேட்சைத் தள்ளிவைத்தார்கள். மூன்று நாளில் பென்ஃபிகாவோடு சாம்பியன்ஸ் லீக் ஆட்டம். தினமும் காயத்துக்கு மருந்து போட்டவர், கூடவே பயணம் செய்தவர். இந்த வயதுப் பையன்கள் எப்படி ஆடுவார்கள் என்று நினைத்தேன். 3-1 ஜெயித்து அவருக்குச் சமர்ப்பித்தார்கள். நம் கோச் சார் இறந்துபோன வருஷம் நாம் எப்படி இருந்தோம் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். அன்றைக்கு இவர்கள் மேல் எனக்கு வந்த மரியாதை கோப்பையைப் பார்த்து வந்ததில்லை.

சரி, பயமே இல்லையா என்றால், இருக்கிறது. ராத்திரி படுத்தால் அதுதான் ஓடுகிறது. அன்சு ஃபாத்தியை நினைத்துப் பார். 17 வயதில் இதே மாதிரிதான் பேசினோம். 2020 நவம்பரில் முழங்கால் போனது, ஆபரேஷன் மேல் ஆபரேஷன், நடுவில் மெஸ்ஸியின் பத்தாம் எண்ணையும் அந்தப் பையன் முதுகில் ஏற்றினார்கள். பெட்ரியை 2020-21 சீசனில் கிளப், யூரோ, ஒலிம்பிக் என்று எழுபது ஆட்டத்துக்கு மேல் ஓடவைத்தார்கள். அடுத்த மூன்று வருஷம் தொடைத் தசைக்குப் பதில் சொல்லியே போனது. கவிக்கு 2023 நவம்பரில் ஸ்பெயினுக்காக ஆடும்போது முழங்கால் லிகமென்ட் கிழிந்தது. போன ஆகஸ்டில் மார்க் பெர்னால், 17 வயது, அணிக்குள் வந்து மூன்றாவது ஆட்டத்திலேயே அதே காயம். இது ஒரு கிளப்பில் ஐந்தாறு வருஷத்துக்குள் நடந்தது மக்கா. லமீன் இன்னும் 18 தொடவில்லை. ஜூலை 13 அன்றுதான் தொடுகிறான். அதற்குள் நூறு ஆட்டம் தாண்டியாயிற்று, எதிரணி டிஃபென்டர்கள் அவன் கணுக்காலைத்தான் பார்க்கிறார்கள். 3-0 முன்னிலையில் இருக்கும்போதும் அவனை வெளியே எடுக்காவிட்டால் நான் டிவியைப் பார்த்துக் கத்துகிறேன்.

ஆனால் இதிலும் ஒரு நல்ல சேதி உண்டு. அதே பெட்ரி இந்த சீசனில் கிட்டத்தட்ட எல்லா ஆட்டமும் ஆடியிருக்கிறான், தசைப்பிடிப்பு என்ற பேச்சே இல்லை. ஃப்ளிக்கோடு வந்த உடற்பயிற்சிக் குழு அசத்திவிட்டது என்று எல்லாரும் பேசுகிறார்கள். 85-வது நிமிடத்தில் பின்னால் ஓடிவந்து பந்தைப் பறிக்கிறான். நம் பெட்ரி! 22 வயதில் அவன்தான் இந்தக் கூட்டத்துக்கு மூத்தவன் மாதிரி நடுவில் நின்று வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறான். அவனுக்குச் செய்ததை லமீனுக்கும் செய்வார்கள் என்று நம்புகிறேன்.

மீதிக் கவலையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். லெவன்டோவ்ஸ்கிக்கு ஆகஸ்டில் 37. அவருக்கு அப்புறம் யார் என்பதற்கு இன்றைக்குப் பதில் இல்லை. கோல்கீப்பர் ஷ்டென்ஸ்னி, ஓய்வு அறிவித்துவிட்டு வீட்டில் இருந்தவரைக் கூட்டிவந்தார்கள். அவர் அருமையாகத்தான் ஆடினார், ஆனால் எத்தனை நாளுக்கு? டிஃபென்டர் இனிகோவுக்கும் வயதாகிறது. டிசம்பரில் லெகானேஸிடம், அதற்கு முன் லாஸ் பால்மாஸிடம் சொந்த மண்ணில் தோற்றதுபோல அடுத்த வருஷமும் ஒரு மாதம் சறுக்கும். இளரத்தம், சறுக்கத்தான் செய்யும். அதைப் பார்த்து நீ மறுபடி ஊர்ப்பெயர் அடுக்கக்கூடாது.

குபார்ஸி 18, லமீன் 17, பெர்னால் இந்த மாதக் கடைசியில் 18, கவி 20, பால்டே, கசாதோ இருவரும் 21, பெட்ரி, ஃபெர்மின் 22. அத்தனை பேரும் லா மாசியாவிலோ பதின்வயதிலோ வந்து சேர்ந்தவர்கள், ஒருத்தன் ஓட்டம் இன்னொருத்தனுக்கு மனப்பாடம். இவர்கள் உச்சத்துக்கு வர இன்னும் ஐந்து வருஷம் இருக்கிறது. அடுத்த மூன்று வருஷத்துக்குள் சாம்பியன்ஸ் லீக் எடுப்பார்கள் என்று எழுதித் தருகிறேன், இந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்.

ஊர்க்கதை: தூத்தூர் பக்கம் ஏழு பேர் ஆடுகிற செவன்ஸ் போட்டி தொடங்கிவிட்டது. நம் கிளப் பசங்கள் முதல் சுற்று தாண்டிவிட்டார்கள். வலது விங்கில் ஆடுகிறவன் நம் கோல்கீப்பரின் மகன்தான், இடது கால். உள்ளே வெட்டி வெட்டி அடிக்கிறான், பத்தில் எட்டு வெளியே போகிறது. நிறுத்தச் சொல்லவேண்டாம் என்று அவன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். மைதானத்துக்குச் சுற்றுவேலி போடப் பணம் சேர்க்கிறோம், உன் பங்கைக் குழுவில் கேட்பார்கள்.

லீவு எப்போது? ஆகஸ்டில் லீக் தொடங்கும்போது இங்கே இருக்கிறமாதிரி டிக்கெட் போடு. முடியாவிட்டால், சாம்பியன்ஸ் லீக் எனக்கு நள்ளிரவு பன்னிரண்டரை, தோஹாவில் உனக்குப் பத்து மணிதான், தூக்கம் கெடாது. ஸ்கோர் பார்க்காதே, மேட்ச் பார். முதல் மேட்ச் முடிந்ததும் குபார்ஸியைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பழைய லெஃப்ட் பேக்