கோடு போடும் நாளில் கணக்கு வகுப்பு

ஆசிரியருக்கு,

வணக்கம். விளையாட்டுப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியர்கள் பிடுங்கிக்கொள்கிறார்கள் என்பது பழைய புகார். அதில் நானும் குற்றவாளிதான். பாடம் முடியவில்லை என்று சொல்லி எத்தனை பி.டி. பீரியட்களை வாங்கியிருப்பேன் என்பதற்கு என்னிடமே கணக்கு இல்லை.

ஓர் ஆண்டு விளையாட்டு விழாவுக்கு முந்தைய நாள், எங்கள் உடற்கல்வி ஆசிரியர் மைதானத்தில் கோடு போடுவதை வேடிக்கை பார்க்கப் போனேன். கபடிக் களத்தின் மூலையில் கயிற்றை 3, 4, 5 மீட்டராகப் பிடித்து முளை அடித்தார்; செங்கோணம் வந்துவிட்டது. அடுத்து குண்டு எறிதல். வட்டத்தின் மையத்திலிருந்து இரு பக்கமும் 20 மீட்டர் இழுத்து, முனைகளுக்கு நடுவே 12 மீட்டர் வைத்தார். குண்டு விழ வேண்டிய பகுதிக்கு விதிப்படி வேண்டிய 34.92 பாகைக் கோணம், கோணமானி இல்லாமலே கிடைத்தது. ஏன் 12 என்று கேட்டேன். "பயிற்சியில் அப்படித்தான் சார் சொன்னார்கள்" என்றார். பாதிக் கோணத்தின் சைன் மதிப்பு 6/20, அவ்வளவுதான். அவருக்குக் காரணம் தெரியாது. அதை நடத்திப் பிழைத்த எனக்கோ இப்படி ஒரு பயன் இருப்பதே தெரியாது!

எனக்குப் பிடித்தது ஓட்டப்பந்தயக் கோடுதான். தடத்தின் அகலம் 1.22 மீட்டர் என்றால், ஒரு முழுச் சுற்று ஓட்டத்தில் மூன்றாம் தடத்துப் பிள்ளை இரண்டாம் தடத்துப் பிள்ளையைவிட 7.67 மீட்டர் முன்னால் நிற்க வேண்டும். எங்கள் பள்ளியின் 200 மீட்டர் பாதையிலும் 7.67, ஒலிம்பிக்கின் 400 மீட்டர் பாதையிலும் அதே 7.67. பெரிய மைதானத்துக்குப் பெரிய இடைவெளி என்றுதான் ஒன்பதாம் வகுப்பு முழுக்கக் கை தூக்கியது. இரண்டு சுற்றளவுகளைக் கழித்தால் ஆரம் அடிபட்டுப்போய் 2π × 1.22 மட்டும் மிஞ்சுவதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டியும் நம்பாமல், நாடாவை எடுத்துக்கொண்டு அளக்கப் போனார்கள். கணக்கு வகுப்பில் என்னை யாரும் அப்படிச் சந்தேகப்பட்டதில்லை.

தேசியக் கல்விக் கொள்கை 2020 விளையாட்டோடு இணைந்த கற்றலைப் பேசுகிறது. நல்லது. ஆனால் குதித்துக்கொண்டே வாய்ப்பாடு ஒப்பிக்க வைப்பதுதான் அது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அதில் ஆட்டமும் இல்லை, கணக்கும் இல்லை.

கல்வித்துறைக்கு என் வேண்டுகோள் சிறியது. மைதானத்தில் கோடு போடும் நாளில் எட்டு முதல் பத்து வரையிலான வகுப்புகளைக் கணக்கு ஆசிரியரோடு அங்கே அனுப்புங்கள். கயிறும் சுண்ணாம்பும் அளவு நாடாவும் பள்ளியிலேயே இருக்கின்றன. ஒன்றே ஒன்று: அந்தப் பாடவேளையைக் கணக்கிலிருந்து கழியுங்கள், பி.டி. பீரியடிலிருந்து அல்ல. ஏற்கெனவே நிறையக் கடன் பாக்கி இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
திண்டுக்கல் மாவட்டம்.