அறுவடை நன்றியில் ஆற்றுக்கும் பங்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தை பிறக்கும் வேளையில் அறுவடைத் திருநாள்களைப் பற்றி வெளிவரும் கட்டுரைகளில் சூரியனுக்கும் மாட்டுக்கும் கிடைக்கும் இடம், பயிரை விளைவித்த நீருக்குக் கிடைப்பதில்லை. கடலூர், புதுச்சேரி வட்டார மக்களாகிய நாமோ தை ஐந்தாம் நாள் ஊர்ச் சாமிகளைத் தென்பெண்ணைக் கரைக்கு எழுந்தருளச் செய்து, தீர்த்தவாரி கண்டு, சுருளிக்கிழங்கு வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் ஆற்றுத் திருவிழாவை வழிவழியாகக் கொண்டாடி வருகிறோம். பொங்கலை ஒட்டி வரும் இவ்விழாவை, ஆற்றுக்கு நாம் செலுத்தும் அறுவடை நன்றியாகவே நான் கருதுகிறேன்.

அறுவடையோடு நீரையும் போற்றும் வழக்கம் பிற நாடுகளிலும் உண்டு. பழைய எருசலேமில் யூதர்கள், விளைச்சலைச் சேர்த்த பின் வரும் கூடாரப் பண்டிகையின் ஏழு நாள்களிலும் சீலோவாம் குளத்து நீரைப் பொற்குடத்தில் முகந்து வந்து பலிபீடத்தில் வார்த்து, வரும் பருவத்தின் மழையை வேண்டினார்கள். பாலித் தீவில் வழிபாடு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. அங்கே சுபக் எனப்படும் பாசனக் குழுவினர் நெல்தெய்வமான தேவி ஸ்ரீக்குப் படையலிடுவதோடு, எந்த வயலுக்கு எப்போது நீர் விடுவது என்பதையும் நீர்க்கோயில்களை மையமாகக் கொண்டே முறைப்படுத்துகிறார்கள். 2012இல் யுனெஸ்கோ இம்முறையை உலகப் பாரம்பரியமாக அறிவித்தது. ஊர் கூடிக் குடிமராமத்து செய்த நமக்கு இது அந்நியமான வழக்கமன்று.

சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் புதுச்சேரியின் பாகூர் ஏரிக்கு வரும் பெண்ணையாற்று நீர்தான் அப்பகுதியின் நெல்வயல்களை வாழவைக்கிறது. அதே ஆறு 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயல் மழையால் பெருக்கெடுத்துக் கரையோரப் பயிர்களை மூழ்கடித்ததையும் கண்டோம். இவ்வளவுக்குப் பிறகும், திருவிழா முடிந்த மறுநாள் ஆற்று மணலில் நெகிழிப் பைகளும் எச்சில் தட்டுகளும் சிதறிக் கிடப்பதைக் காண நெஞ்சு பொறுக்கவில்லை.

ஆகவே, ஆற்றின் இரு கரையிலும் உள்ள கடலூர் மாவட்ட நிர்வாகமும் புதுச்சேரி அரசும் மார்கழியிலேயே கூடிப் பேசி, விழாத் திடல்களில் நெகிழியை அறவே தடுக்க வேண்டும். விழா நாளன்றே பாசன விவசாயிகளைக் கரைக்கு அழைத்து, எந்தெந்த வாய்க்கால்கள் தூர்வாரப்பட்டன, எவை எஞ்சியுள்ளன என்பதைப் பொதுமக்கள் முன்னிலையில் அறிவிக்கவும் வேண்டும். தங்கள் நாளிதழும் பொங்கல் சிறப்புப் பக்கங்களில் ஆற்றுத் திருவிழாவுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, அந்தப் பணிப் பட்டியலை ஆண்டுதோறும் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.